இன்னும் இரண்டு வருஷம் ஓடும்

மஸ்கெலியா

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மழை பிடித்துவிட்டது, மவுசாக்கலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று அண்ணி வந்து உன் விஷயத்தைச் சொன்னார். வெள்ளவத்தைக் கடையில் உன்னோடு நிற்கும் பிள்ளைகள் எல்லாம் புதுப் போன் எடுத்துவிட்டார்களாம். நீயும் ஈஸி பேமண்டில் எடுக்கப் போகிறாயாம், மாதம் 8,900 ரூபாய் வீதம் ஒரு வருஷத்துக்கு. எடுக்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பேசினால் "சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் இரண்டாம் தரமும் படிப்பாய்.

முதலில் கணக்கு. கைக்காசுக்கு எடுத்தால் 90,000. தவணை கட்டி முடிக்கும்போது 106,800. 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கணக்கில், மேலதிகமாகக் கட்டும் 16,800 மட்டுமே உன் அம்மா பன்னிரண்டு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த சம்பளம். முழுத் தொகை என்றால் எழுபத்தொன்பது நாள். அதுவும் முழுப் பேர் விழுந்து முழுச் சம்பளம் கிடைத்தால். கிலோ குறைந்து அரைப் பேர் போட்ட நாளில் அம்மா எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார் என்று நீ பார்த்து வளர்ந்தவள். என் சம்பளத்தில்தானே கட்டுகிறேன் என்பாய். வீட்டுக்கு நீ அனுப்புவது அந்த ஒரு வருஷமும் குறையும், அதைத்தான் சொல்கிறேன்.

உன் போனுக்கு வயது மூன்று. சார்ஜ் நிற்பதில்லை, மெதுவாகிவிட்டது என்கிறாய். இரண்டுக்குமே பேட்டரி காரணமாக இருக்கலாம். பல போன்களில், முழுசாக 500 முறை ஏற்றி இறக்கியதும் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு வந்துவிடும். தினமும் ஏற்றுகிறவர்களுக்கு அது இரண்டு வருஷத்துக்குள் நடந்துவிடும். பேட்டரி தளர்ந்தால் போனும் தளரலாம். 2017 டிசெம்பரில் அப்பிள் நிறுவனமே இதை ஒத்துக்கொண்டது. பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்திருந்தார்கள். அதை வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ஊர் உலகம் கொதித்த பிறகுதான் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலருக்கு இறக்கினார்கள். 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதற்குள் எத்தனை பேர் நல்ல போனைப் பழசு என்று நம்பித் தூக்கிப் போட்டிருப்பார்கள்! நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் போன் 2019இல் வாங்கியது. உனக்கும் அதைத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது லயத்தில் சிக்னல் கிடைக்காமல் மேல்மலைக்கு ஏறி, ஒரு போனைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து பாடம் எழுதினீர்களே, அந்தப் பாடமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது புதுப் போனின் விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. அப்போது ஹட்டனில் கொடுத்துப் பேட்டரி மாற்றினேன். இன்றும் பேசுகிறது, படம் எடுக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே போனுக்குப் பகை ஈரம், கொழும்பில் சூடு. தகரக் கூரை போர்டிங்கில் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதே. இரவு முழுக்கச் செருகி வைக்காதே. 80க்குப் பக்கத்தில் வந்ததும் எடுத்துவிட்டால் பேட்டரி இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கும். ஒயர் சரியாகப் பிடிக்கவில்லையா? போனை அணைத்துவிட்டு, சார்ஜ் ஓட்டையில் சேர்ந்திருக்கும் பஞ்சைப் பல்லுக்குச்சியால் மெதுவாக எடு. துணிக்கடையில் நிற்கிறவளுக்குப் பஞ்சு சேராமல் இருக்குமா? ஆனால் பேட்டரி உப்பி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தால் அதை மாற்ற ஒரு நாளும் தாமதிக்காதே. அது தீப்பிடிக்கலாம்.

கடைசி வரை வைத்திரு என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பணக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்ட் 4.4 உள்ள போன்களை வட்ஸ்அப் கைவிட்டது. அப்படி ஒரு நாள் உன் போனுக்கும் வரும். அன்றைக்கு மாற்று. அப்போதும் கமெரா எத்தனை என்று கேட்பதற்கு முன், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேள். 2024இல் வந்த சம்சுங் எஸ்24 வரிசைக்கு ஏழு வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். விலை குறைந்த போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் சட்டமே இருக்கிறது: ஒரு போனின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும், ஏழு வருஷம் உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். நமக்காக அப்படிக் கேட்கிறவர் யார்? நாமேதான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பேட்டரிக்குள் கோபால்ட் என்றொரு உலோகம் இருக்கிறது. உலகத்துக்கு வேண்டியதில் பாதிக்கும் மேல் கொங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதை 2016இல் அம்னெஸ்டி அமைப்பு எழுதிக் காட்டியது. நாம் அட்டைக்கடியில் நின்று பறிக்கும் கொழுந்தை, யார் பறித்தது என்று ஒரு கணமும் நினைக்காமல் எங்கோ குடிக்கிறார்களே என்று உன் அப்பா எத்தனை நாள் ஆத்திரப்பட்டிருப்பார். கொங்கோப் பிள்ளையிடம் நாமும் அப்படி நடக்கக் கூடாது, மகளே. அந்தப் பிள்ளை தோண்டிக் கொடுத்ததை மூன்று வருஷத்தில் மேசை லாச்சிக்குள் போட நமக்கு மனம் வரக் கூடாது.

வருகிற லீவு நாளில் நல்ல கடையாகப் பார்த்து, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று விசாரி. கொடுப்பதற்கு முன் படங்களையும் நம்பர்களையும் கூகுள் கணக்கில் ஏற்றிவை. அப்பாயி பேசிய வீடியோ உன் போனில்தான் இருக்கிறது. கடைக்காரர் கேட்கும் விலையை எனக்குச் சொல். பாதியை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை