பட்டனைப் பிய்க்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

போட்டோ வந்து சேர்ந்தது. பழைய சட்டையையும் பாவாடையையும் கம்பியில் சுற்றி ஆளுயரத்துக்கு நிறுத்தியிருக்கிறாய். உன் அம்மாயி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "திருஷ்டி பொம்மை செய்யவா கும்பகோணத்துக்குப் படிக்கப் போனாள்?" என்றாள். கோபித்துக்கொள்ளாதே சாமி. நம் ராசிபுரத்தில் புதுவீட்டுச் சாரத்தில் வைக்கோல் திணித்த பேன்ட் சட்டை தொங்குமே, அதைக் கட்டுகிற ஆளுக்குத் தோளில் எவ்வளவு திணிக்கணும், இடுப்பு எங்கே மடங்கணும் என்பது அத்துப்படி. லீவுக்கு வரும்போது அவர் பக்கத்தில் அரைநாள் உட்கார். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர், பிரிவினையில் சொந்த ஊரை விட்டு வந்தவர். வேலை முடிந்ததும் சைக்கிளில் போய் உடைந்த வளையலும் பீங்கானும் பொறுக்கி வந்து, அரசாங்கக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பொம்மைத் தோட்டமே கட்டினார். 1976இல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். எல்லாரும் அந்த வளையல் பொம்மைகளைத்தான் பேசுவார்கள். தையல்காரன் எனக்கு அவருடைய துணி பொம்மைகள்தான் உசத்தி. கம்பிச் சட்டத்தில் கந்தலை இறுக்கிக் கட்டி, கழித்த துணியை உடுத்தி, ஆளுயர ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார். கலைக்கல்லூரிப் பக்கமே போகாத மனுஷன்!

அதுக்காக நீ படிப்பை விட்டுவிடாதே.

என் கவலை வேறே. உன் பொம்மைச் சட்டையில் பட்டனையெல்லாம் பிய்த்து, காலரையும் வெட்டியிருக்கிறாய். ஏன் கண்ணு? ஒரு சட்டையில் ஆள் தெரிகிற இடமே அதுதானே. நாமக்கல் லாரி டிரைவர் சட்டையைப் பார்த்தாயானால் வலது கை மட்டும் வெளுத்திருக்கும், ஜன்னல் பக்கம் வெயில் வாங்கிய கை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர் லுங்கியில் எண்ணெய்க் கறை எத்தனை துவைத்தாலும் போகாது. பொம்பளைங்க ரவிக்கையில் நாங்கள் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். வருஷம் போகப் போகப் பிரித்துப் பிரித்துத் தளர்த்துவோம். அந்தப் பழைய ஊசித்தடங்களை வைத்தே கல்யாணத்திலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் நான் கணக்குச் சொல்லிவிடுவேன். இதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வெறும் துணியை வைத்துப் பொம்மை செய்வதென்றால், கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமே.

ஒரு நோட்டுப் போடு. யார் கொடுத்தது, என்ன வேலைக்கு உடுத்தியது என்று அன்றைக்கே எழுதிவிடு. பிறகு எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும். கேட்காமல் எடுக்காதே. பொங்கலுக்குப் பரணிலிருந்து நீ இறக்கிப் போன மூட்டை, பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவனிடம் எவர்சில்வர் அடுக்கு வாங்க அம்மாயி கட்டி வைத்தது. அந்த அடுக்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நனைக்கும்முன் பாக்கெட்டைத் துழாவு. பிறகு துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயப்போடு. பருத்திதான் பசையைக் குடிக்கும், பாலியஸ்டர் வழுக்கிவிடும். சந்தேகமானால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகிக் கையில் ஒட்டும், ஜாக்கிரதை. விறைப்புக்குக் கஞ்சி போட்டால் கரப்பானும் எலியும் தேடி வரும். விளக்கையும் வெல்டிங்கையும் தள்ளியே வை, கந்தல் தீப்பிடித்துக்கொள்ளும். இத்தாலியில் பிஸ்தொலெட்டோ என்பவர் 1967இல் ஒரு வீனஸ் சிலையைக் கந்தல் குவியலுக்கு முன்னால் நிற்கவைத்தார், உலகப் புகழ் பெற்றது. அதையே பெரிதாகச் செய்து நேப்பிள்ஸ் நகரச் சதுக்கத்தில் வைத்தார்கள். 2023இல் எவனோ தீ வைத்து, எரிந்துபோயிற்று.

முக்கியமாக ஒன்று, துணிக் கத்திரியால் கம்பியை வெட்டாதே. போட்டோவின் ஓரத்தில் கிடப்பது நான் கொடுத்த கத்திரிதானே? பார்த்துவிட்டேன். கட்டிங் பிளேயர் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதில் பரோட்டா சாப்பிடாதே.

பஸ் பார்சலில் ஒரு மூட்டை வருகிறது. தைத்து முடித்தும் யாரும் வாங்க வராத ரவிக்கைகள், வருஷக்கணக்காய்க் கடையில் கிடந்தன. ஒருத்தர் உடம்பும் படாத துணி இது. இதை நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க ஆசை. அளவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் குத்தியிருக்கிறது, எடுத்து எறிந்துவிடாதே. வெட்டும்முன் எனக்கு ஒரு போன் போடு. அதில் பச்சை ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் மட்டும் திடீரென்று வந்து நின்றாலும் நிற்பாள்.

உன் அப்புச்சி