பிக்அப் வண்டிக்கு ஸ்டெப்னித் தாங்கி: உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளும் முறை

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு தாலுகாக்களிலும் முன் தலைமுறையில் மாட்டு வண்டி செய்துவந்த பாரவேலையின் பெரும்பகுதியை இன்று சிறு பிக்அப் வண்டிகள் செய்துவருகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலாக்கொட்டையும் நெல்லும், சந்தைக்குக் காய்கறியும் பூக்கூடையும், மரக்காணம் பக்கத்திலிருந்து தர்ப்பூசணியும் இவற்றிலேயே செல்கின்றன. இவ்வண்டிகள் பெருஞ்சாலையில் மட்டும் ஓடுபவை அல்ல. ஏரிக்கரை, வரப்போரப் பாட்டை, மழையில் ஊறிய களிமண் நிலம், கூரிய ஜல்லி சிதறிக் கிடக்கும் கல் குவாரி வழி ஆகிய இடங்களிலும் ஓட வேண்டியவை. அங்கேதான் டயர் பஞ்சராகிறது. அங்கேதான் உதவிக்கு ஆளும் இல்லை.

அத்தருணத்தில் மாற்றுச் சக்கரம் எளிதாகக் கைக்கு வருமா என்பதே இப்பாடத்தின் விஷயம்.

1. அவசியம்

பெரும்பாலான பிக்அப் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் பின்புறம் பாரத்தட்டின் அடியில் சங்கிலியால் தொங்கவிடப்பட்டிருக்கும். இரும்புக் கம்பியைச் செருகித் திருகினால் அது கீழே இறங்கும். நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஏற்பாடு போதுமானது. கிராமப் பாட்டையில் ஓடும் வண்டிக்கோ இதில் நான்கு பிரதிகூலங்கள் உண்டு.

முதலாவது, சேறும் தண்ணீரும் சங்கிலியிலும் திருகு பொறியிலும் புகுந்து துருப்பிடிக்கச் செய்கின்றன. பல மாதம் தொடாமல் விட்டால் அவை இறுகிப்போகின்றன. இரண்டாவது, பாரத்துடன் பின் டயர் காற்றிழந்தால் வண்டி தாழ்ந்துவிடும்; சேற்றில் புதைந்தால் இன்னும் தாழும். அப்போது அடியில் உள்ள சக்கரத்தை வெளியே இழுக்க இடம் இருப்பதில்லை. மூன்றாவது, வரப்பும் கல்லும் அச்சக்கரத்தில் இடிக்கின்றன. நான்காவது, கண்ணில் படாத பொருளை ஒருவரும் கவனிப்பதில்லை. காற்றுக் குறைந்திருப்பதும் சங்கிலி தேய்ந்திருப்பதும் ஆபத்து நேரும் தினத்தில்தான் தெரியவருகின்றன. தேய்ந்த சங்கிலி அறுந்து, சுமார் 25 கிலோ எடையுள்ள சக்கரம் பெருஞ்சாலையில் உருண்டால், பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவரின் உயிருக்கே அபாயம்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே பெருஞ்சாலையையே மூடியது. அத்தகைய நாட்களில் வண்டியின் அடியில் கை நுழைப்பது எவ்வளவு கடினம் என்பதை இப்பகுதியினருக்கு விவரிக்க வேண்டியதில்லை.

2. ஸ்டெப்னி என்னும் பெயர்

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். பழைய மோட்டார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் பஞ்சரானால் வழியிலேயே பிரித்து ஒட்டவேண்டியிருந்தது. 1904-இல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்னும் ஊரில் டேவிஸ் சகோதரர்கள், காற்றடைத்த டயருடன் கூடிய ஆரமில்லாத வளையம் ஒன்றைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின்மேல் பூட்டும் ஏற்பாட்டைக் கண்டனர். அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே அதற்கு வந்தது.

அதே 1904-இல்தான் நம் தேசத்தில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் இயற்றப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியாக ஒதுக்குகின்றன. ஸ்டெப்னியும் வண்டியின் சேமநிதியே. வேண்டிய சமயத்தில் எடுக்க இயலாத சேமநிதியால் யாருக்கு என்ன பயன்?

3. இடம் தெரிந்தெடுத்தல்

பின்கதவில் மாட்டுதல் தகாது. கதவு மெல்லிய தகடு. அதன் கீல்கள் சக்கரத்தின் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கூரைமேல் வைத்தால் வண்டியின் மேற்பாரம் அதிகரித்து, சரிவில் கவிழும் அபாயம் கூடும். 25 கிலோவை ஆள் உயரத்துக்குமேல் தூக்கவும் வேண்டும். ஜீப்பு வண்டிகளில் காண்பது போலப் பின்புறம் மாட்டினால், பிக்அப் வண்டியில் பாரம் இறக்கும் வழி அடைபடும். பின் விளக்கும் எண் பலகையும் மறையலாம்.

ஆகவே, பாரத்தட்டின் உள்ளே, ஓட்டுநர் அறைக்குப் பின்னால், முன் தடுப்பை ஒட்டி இடதுபுறத்தில் நிற்கவைப்பதே உத்தமம். இடதுபுறம் சாலையின் ஓரமாதலால் வேலை செய்பவருக்குப் போக்குவரத்தால் அபாயம் இல்லை. சுமார் 80 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இடம் இதற்குச் செலவாகும்.

4. சாமான்கள்

40 மில்லிமீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாய் கீழ்க்கண்டபடி வெட்டிக்கொள்ளவேண்டும்:

நிமிர்ந்த கால் 70 சென்டிமீட்டரில் 2. குறுக்குச் சட்டம் 80 சென்டிமீட்டரில் 2. தரையில் படியும் பாதம் 35 சென்டிமீட்டரில் 2. சாய்வுத் தாங்கல் 45 சென்டிமீட்டரில் 2.

மொத்தம் 4.6 மீட்டர். இதைத் தவிர, 6 மில்லிமீட்டர் கனத் தகட்டில் 12-க்கு 10 சென்டிமீட்டர் துண்டு 8, நடுச் சட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் 1, சக்கரத்தை அழுத்திப் பிடிக்க 15 சென்டிமீட்டர் சதுரம் 1. 16 மில்லிமீட்டர் மறைக் கம்பி ஒரு துண்டு, அதற்குரிய நட்டுகள். தளத்தில் முடுக்க 12 மில்லிமீட்டர் போல்ட்டு 8, தானாகக் கழலாத நைலான் நட்டுகளுடன். டயர் உருளாமல் தடுக்க மர ஆப்பு 2. ரெட் ஆக்சைடும் வர்ணமும். இரும்பு முழுவதும் சுமார் 23 கிலோ ஆகும். அன்றைய கிலோ விலையால் பெருக்கி, பட்டறைக் கூலியைக் கூட்டினால் செலவு தெரிந்துவிடும்.

5. செய்முறை

முதலில் மாற்றுச் சக்கரத்தை இறக்கிக் கழுவி, உத்தேசித்த இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். அதன் உயரம், அகலம், நடுத் துவாரம் தரையிலிருந்து உள்ள உயரம், டயரின் உள் ஓரத்திலிருந்து டிஸ்க் வரையுள்ள ஆழம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளவேண்டும். சக்கரம் 75 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாயின் குறுக்குச் சட்டத்தை அதற்கேற்ப நீட்டிக்கொள்க.

ஒவ்வொரு காலையும் பாதத்தின் பின்முனையில் நிறுத்தி, பாதத்தின் முன்முனைக்கும் காலின் பாதி உயரத்துக்கும் இடையே சாய்வுத் தாங்கலை வைத்தால் முக்கோணம் அமையும். இந்த முக்கோணமே தாங்கியின் பலம். இதைச் செலவு கருதி விட்டுவிடலாகாது. இரு முக்கோணங்களையும் இரண்டு குறுக்குச் சட்டங்களால் இணைக்கவேண்டும். கீழ்ச் சட்டம் சக்கரத்தின் நடுத் துவாரத்துக்கு நேராகவும், மேற்சட்டம் அதற்குமேல் சுமார் 20 சென்டிமீட்டரிலும் வரவேண்டும். முதலில் ஆங்காங்கே புள்ளியாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் சமமாக இருப்பதைக் கண்ட பிறகே முழுவதும் வெல்டிங் செய்யவேண்டும். துத்தநாகம் பூசிய குழாயானால், பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து அகற்றுவது அவசியம். அதன் புகையை உட்கொண்டால் காய்ச்சல் காணும்.

பெரிய சதுரத் தகட்டை நடுச் சட்டத்தின் முன்முகத்தில் பற்றவைத்து, தகட்டையும் சட்டத்தையும் ஊடுருவத் துளையிட்டு, மறைக் கம்பியைச் செலுத்திப் பின்னால் நட்டு வைத்துப் பற்றவைக்கவேண்டும். சக்கரம் முன் தடுப்புக்கும் சட்டத்துக்கும் இடையே ஆப்புகளின்மேல் நிற்கும். கம்பி டிஸ்க்கின் நடுத் துவாரத்தின் வழியே வரும். அதன்மேல் அழுத்துத் தகட்டைக் கோத்து நட்டை முடுக்கினால், டயர் இரு சட்டங்களிலும் சாய்ந்து அசையாமல் நிற்கும். கம்பி முனையில் ஒரு துளையிட்டுப் பூட்டுப் போட்டுவிட்டால் திருட்டுப் பயமும் இல்லை. சக்கரத்தின் பாரம் தரையில் நிற்கிறது, கம்பி அது சாயாமல் மட்டுமே காக்கிறது என்பதைக் கவனிக்க. பாரம் முழுவதையும் கம்பியில் தொங்கவிட்டால், குழிதோறும் அது இழுபட்டு நாளடைவில் முறியும்.

குழாய்களின் மேல்முனையை அடைத்து, அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை விடவேண்டும். டயர் படும் இடங்களில் வெல்டிங் முடிச்சுகளை அரத்தால் மழுப்பி, அதன்பின் வர்ணம் பூசுக.

6. வண்டியில் பூட்டுதல்

தாங்கியை வண்டிக்கு வெளியே முழுவதும் செய்து முடித்து, போல்ட்டால் மட்டுமே பூட்டவேண்டும். சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் செய்வதும் துளையிடுவதும் கூடவே கூடா. அவ்விடத்தில் இரும்பு பலம் குன்றி, பாரத்தில் வெடிப்புக் காணும். பாரத்தட்டின் தளத்திலேயே, அடியில் குறுக்கே செல்லும் உத்தரங்களை ஒட்டித் துளையிடுக. பாதத்தின் ஒவ்வொரு முனையிலும் மேலே ஒரு தகடு, தளத்தின் அடியில் ஒரு தகடு என்று இரண்டுக்கும் நடுவே தளம் அகப்பட வேண்டும். அடித்தகடு இல்லாவிடில், மெல்லிய தளத்தைப் போல்ட்டு கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

துளையிடுமுன் வண்டியின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்ப்பது முக்கியம். பிரேக் குழாய், எண்ணெய்த் தொட்டி, மின் கம்பி ஆகியவை அங்கே செல்லும். தகடுகளுக்கு இடையே ரப்பர் வைக்கும் வழக்கம் நல்லதல்ல. ரப்பர் நாளடைவில் அமுங்கி, போல்ட்டு தளர்ந்துபோகும்.

7. சோதனையும் பராமரிப்பும்

பூட்டியபின் இருவர் மேற்சட்டத்தைப் பிடித்து நாற்புறமும் பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். பிறகு பாரமில்லாமல் மேடுபள்ளமான வழியில் 10 கிலோமீட்டர் ஓட்டி நட்டுகளை மீண்டும் முடுக்குக. 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறையும், அப்பால் மாதம் ஒருமுறையும் முடுக்குக. முன்னோக்கிச் சரியும் மூட்டைகளைத் தாங்கும் சுவராக இத்தாங்கியைக் கருதலாகாது. மூட்டைகளைக் கயிற்றால் தனியே கட்டவேண்டும்.

வெயிலில் ரப்பர் வெடிக்குமாதலால் சக்கரத்தைத் தார்ப்பாய்த் துண்டால் மூடிவைக்க. காற்றை மற்றச் சக்கரங்களுடன் சேர்த்தே பார்க்க. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமலே இருந்தாலும் டயருக்கு வயது ஏறும்.

தாங்கியின் பக்கத்தில் ஜாக்கி, சக்கர ஸ்பானர், 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று ஆகியவற்றையும் கட்டிவைக்கவேண்டும். ஈரமண்ணில் ஜாக்கி புதைந்துபோகும். அதன் அடியில் பலகை இருந்தால் புதையாது.

8. சட்டம்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. நாம் கூறிய தாங்கி வண்டியின் நீள அகலங்களை மாற்றாதது. கழற்றி எடுக்கக் கூடியது. விளக்கையும் எண் பலகையும் மறைக்காதது. ஆயினும் தீர்மானிக்க வேண்டியவர் மோட்டார் வாகன ஆய்வாளரே. டி.என். 32 எண் வண்டிக்காரர் விழுப்புரத்திலும், டி.என். 16 எண் வண்டிக்காரர் திண்டிவனத்திலும் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படத்தைக் காட்டி முன்னதாகவே கேட்டுக்கொள்வது உசிதம்.

9. சேர்ந்து செய்வதன் அனுகூலம்

சதுரக் குழாய் கடையில் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. ஒரு தாங்கிக்கு 4.6 மீட்டர் போக, மீதி 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான துண்டு ஒன்று வீணாகும். ஐந்து பேர் தனித்தனியே செய்தால் ஐந்து குழாய் வாங்கி, ஐந்து துண்டுகளை மூலையில் போடுவார்கள். அந்த ஐவரும் கூடி நான்கு குழாய் வாங்கினால் என்ன நேரும்? நான்கு தாங்கிகள் போக நான்கு துண்டுகள் மிஞ்சும். இரண்டு துண்டுகளில் குறுக்குச் சட்டம் ஒன்றும் சாய்வுத் தாங்கல் ஒன்றும் வெட்டலாம். மற்ற இரண்டில் கால் ஒன்றும் பாதம் ஒன்றும் வெட்டலாம். ஐந்தாவது தாங்கிக்கு வேண்டிய எட்டுத் துண்டுகளும் கிடைத்துவிட்டன! ஒரு குழாயின் விலை மிச்சம். ஒரே அளவில் ஐந்து செய்யும்போது பட்டறைக்காரருக்கும் வேலை சுலபம், கூலியும் குறையக்கூடும்.

ஒரே ஊரில் ஐந்து பிக்அப் வண்டிகள் இருப்பது இன்று அரிதல்ல. சங்கத்தின் அங்கத்தினர்களான வண்டிக்காரர்கள் ஒரு நாள் மாலை கூடி இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்ப்பார்களாக.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. பின்கதவில் சக்கரத்தை ஏன் மாட்டலாகாது?
2. தளத்தின் அடியில் தகடு வைப்பதன் காரணம் யாது?
3. சக்கரத்தின் பாரத்தைக் கம்பியில் தொங்கவிட்டால் என்ன நேரும்?
4. உமது வண்டியின் ஸ்டெப்னியில் இன்று காற்று எவ்வளவு இருக்கிறது? விடை கூறுமுன் சென்று பார்த்து வருக.