விட்டமா, பரப்பா?

ரெட்டியார்பாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள், சந்தோஷம். எச்.பி.யை 746-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும், அப்புறம் என்ன கணக்கு என்று போன வாரம் போனில் கேட்டாய். அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

5 எச்.பி. மோட்டார் என்றால் 3,730 வாட், சரி. ஆனால் அது ஷாஃப்ட்டில் கிடைக்கிற சக்தி. காயில் சூட்டிலும் பேரிங் உரசலிலும் போவதையும் சேர்த்துத்தான் லைனிலிருந்து இழுக்கும். அதோடு பவர் ஃபேக்டர் வேறு. 3,730-ஐ 415-ஆலும் 1.732-ஆலும் வகுத்தால் ஐந்தேகால் ஆம்பியர்கூட வராது. அதை நம்பி ஓவர்லோடு ரிலேயை வைத்தால் லோடு ஏறினதும் டிரிப் ஆகும். த்ரீ ஃபேஸில் எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்று நாங்கள் வைத்திருக்கும் வாய்க்கணக்கில் இந்த இழப்பெல்லாம் அடக்கம். ஐந்துக்கு ஏழரை.

நம் புதுச்சேரியில் பழைய சொல்தா வீடுகளுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளுக்குப் போனால் பிரெஞ்சுத் தகடு போட்ட சாமான் கண்ணில் படலாம். எச்.பி. இருக்க வேண்டிய இடத்தில் சி.வி. என்று இருக்கும். அதுவும் குதிரைச் சக்திதான். 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது, 735.5 வாட். பத்து வாட் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நம்மூரில் ஒரே மனையைப் பத்திரம் ஆர், சென்டியார் என்கிறது, பெரியவர்கள் குழி என்கிறார்கள், புரோக்கர் சதுர அடி என்கிறார். பெயர்தான் மாறுகிறது, மண் அதேதான். இந்த மாதிரி மாற்றத்தில் பயமில்லை. அளக்கப்படுகிற பொருளே மாறுகிற இடத்தில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

உன் வயதில் நான் மாட்டிக்கொண்டேன். மூலக்குளம் பக்கம் ஒரு வீடு. பழைய ஒற்றைக் கம்பியை மாற்ற வேண்டும். ஸ்க்ரூ கேஜில் பிடித்தேன், 1.8 எம்.எம். கடையில் ஒன்றரை எம்.எம். காயில் இருந்தது. கிட்டத்தட்ட சரிதானே என்று இழுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார்கள், கருகல் வாசனை வருகிறதென்று. போர்டைக் கழற்றினால் வயர் மேல்தோல் பழுப்பேறி, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாட்டர் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே லைனில். ஃப்யூஸ் பழைய கம்பிக்குக் கட்டியது, அது போகவில்லை. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. முழு லைனையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

கடைக்காரர் ஒன்றரை எம்.எம். என்பது ஒன்றரை சதுர எம்.எம்., கம்பியின் வெட்டுப் பரப்பு. நான் அளந்தது விட்டம். 1.8-ஐ 1.8-ஆல் பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கு: இரண்டரை. இரண்டரை இருந்த இடத்தில் ஒன்றரையைப் போட்டிருக்கிறேன். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை மறக்காதே.

பெரியவர்கள் இன்னும் மூணு இருபது, ஏழு இருபது என்பார்கள். 20-ஆம் நம்பர் கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை. அந்தக் கேஜில் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். 20-ஆம் நம்பர் இழையின் விட்டம் 0.914 எம்.எம். மூன்று இழைக்கு இரண்டு சதுர எம்.எம்.மை ஒட்டி வரும், இரண்டரை போடு. ஏழு இழைக்கு 4.6 வரும். கடையில் நாலைத் தூக்கிக் கொடுப்பார்கள். லோடு எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் வாங்காதே. நிறைய இருந்தால் ஆறு போடு, காசு கூடுதல் என்று அவர் முனகினாலும்.

தீபாவளிக்கு வரும்போது என் ஸ்க்ரூ கேஜை எடுத்துக்கொண்டு போ, துடைத்து வைத்திருக்கிறேன். முழுக்க மூடினாலும் 0.02 காட்டும். ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துக்கொள்.

அன்புடன்,
மாமா