லசானியாவில் சீஸுக்கு என்ன வேலை?

லசானியா செய்யப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பாக்கெட் சீஸ் வாங்கணும்?" கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாய் இழுபடும் மொஸரெல்லாவை விளம்பரங்களில் பார்த்துப் பார்த்து, லசானியா என்றாலே சீஸில் மூழ்கிய பண்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. கூடவே இன்னும் பல நம்பிக்கைகள். வீட்டில் ஆசை ஆசையாய்ச் செய்த லசானியா தட்டில் குளமாகச் சரிவதற்கு இவற்றில் இரண்டு மூன்றாவது காரணமாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: சீஸ் கூடக் கூட ருசி கூடும்

உலகமெங்கும் பேர்பெற்ற கறி லசானியா, வட இத்தாலியின் எமிலியா ரோமாஞ்யா பகுதியில் இருக்கும் பொலோன்யா நகரத்துச் சமையல். அங்கே அதில் இழுபடுகிற சீஸ் துளிகூடக் கிடையாது. நான்கு பொருள்கள்தான்: ரகூ என்கிற கறிக் குழம்பு, வெண்ணெய், மாவு, பால் மூன்றையும் காய்ச்சிச் செய்யும் வெள்ளைச் சாஸான பெஷமெல்லா, துருவிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை நிற முட்டைமாவுத் தகடு.

இதில் சீஸின் வேலை உப்புக்கும் மணத்துக்கும் மட்டும். ஒவ்வொரு அடுக்கின் மேலும் கைப்பிடி அளவு தூவுவார்கள், அவ்வளவே. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் செழுமை முழுக்க வெள்ளைச் சாஸிலிருந்து வருகிறது. ஆறு பேருக்கு 1 லிட்டர் பால், வெண்ணெய் 80 கிராம், மைதா 80 கிராம், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் போதும். வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போக வறுத்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு அழியாமல் நிற்கிற பதம்.

இந்தச் சாஸ் இல்லாமல் வெறும் மொஸரெல்லாவை அடுக்கினால் என்ன ஆகும்? ஈர மொஸரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அடுப்பின் சூட்டில் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தேங்கும். மிஞ்சிய சீஸ் ஆறும்போது ரப்பராக இறுகும். தட்டில் குளம் கட்டுவதன் ரகசியம் இதுதான்.

நம்பிக்கை: ரிக்கோட்டா போட்டால் அது இத்தாலிய லசானியாவே இல்லை, அமெரிக்கச் சரக்கு

முதல் நம்பிக்கையை விட்டவர்கள் பலர் நேராக இதில் போய் விழுகிறார்கள். பொலோன்யா முறையைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் மற்றதெல்லாம் போலி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது சீஸ் மோகத்தைவிட வருத்தம் தருகிற தவறு. ஏனென்றால் தெற்கே நேப்பிள்ஸில் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவரும் ஒரு பண்டிகைச் சமையலை இது இல்லை என்றே ஆக்கிவிடுகிறது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள், கொழுத்த செவ்வாய். மறுநாளிலிருந்து கறியை ஒதுக்க வேண்டும் என்பதால் வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டுச் சமைக்கும் நாள். நேப்பிள்ஸில் அன்றைக்கு லசானியாதான். சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிதாக உருட்டிப் பொரித்த கறி உருண்டைகள், பன்றிக்கறித் தொத்திறைச்சி, வேகவைத்து நறுக்கிய முட்டை, ரிக்கோட்டா, புகையூட்டிய ப்ரோவோலா அல்லது மொஸரெல்லா எல்லாம் அடுக்கடுக்காகப் போகும். வெள்ளைச் சாஸ் கிடையாது. தகடும் வேறு: முட்டை சேராத, ஓரம் சுருண்ட, கெட்டிக் கோதுமை ரவையில் செய்த உலர்ந்த தகடு. குழம்பும் வேறு. பெரிய கறித் துண்டங்களைத் தக்காளியில் போட்டு மணிக்கணக்கில் மெல்லக் கொதிக்கவிட்ட குழம்பு.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன இத்தாலியர்களில் பெரும்பாலானோர் தெற்கத்திக்காரர்கள். அவர்கள் கையோடு கொண்டுபோன பழக்கம்தான் இன்றைய அமெரிக்க ரிக்கோட்டா லசானியாவின் வேர். ஆக, வடக்கும் உண்மை, தெற்கும் உண்மை. ஒரே தட்டில் இரண்டையும் கலப்பதில்தான் சிக்கல். வெள்ளைச் சாஸும் வேண்டும், ரிக்கோட்டாவும் வேண்டும், மொஸரெல்லாவும் வேண்டும் என்றால் கறியின் ருசி எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?

நம்பிக்கை: தக்காளி இல்லாமல் லசானியா பிறந்திருக்கவே முடியாது

1300ஐ ஒட்டி, நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 'லிபெர் தெ கொகுவினா' என்ற லத்தீன் சமையல் நூலில் லசானியா இருக்கிறது. புளிக்கவைத்த மாவை மெல்லத் தேய்த்து, மூன்று விரற்கடை சதுரங்களாக வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, துருவிய சீஸும் மசாலாப் பொடியும் தூவி அடுக்குவது. கூர்மையான மரக்குச்சியால் குத்திச் சாப்பிடச் சொல்கிறது நூல். கறியும் இல்லை, தக்காளியும் இல்லை. தக்காளி எப்படி இருக்கும்? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பா வந்து சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டில். இத்தாலியில் அச்சான தக்காளிச் சாஸ் குறிப்புகளில் மிகப் பழையது அந்தோனியோ லத்தீனி 1690களில் நேப்பிள்ஸில் வெளியிட்ட நூலில் இருப்பது. 1891இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி எழுதிய புகழ்பெற்ற சமையல் நூலில், பொலோன்யா பாணிக் கறிக் குழம்பில்கூடத் தக்காளி இல்லை.

இடையில் 2003ஆம் ஆண்டு லசானியா இங்கிலாந்துப் பண்டம் என்றொரு செய்தி கிளம்பியது. 1390ஐ ஒட்டி, இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கரி' நூலில் 'லோசின்ஸ்' என்றொரு மாவுத்தகடு–சீஸ் பண்டம் இருப்பதுதான் ஆதாரம். பண்டம் இருப்பது உண்மை. ஆனால் இத்தாலிய நூல் அதற்கும் முந்தியது.

சரி, இன்றைய ரகூவில் தக்காளி எவ்வளவு? இங்கேதான் நம் கை தாராளமாகிவிடுகிறது. இத்தாலியச் சமையல் கழகம் 1982இல் பொலோன்யா வணிக சபையில் ரகூவின் செய்முறையைப் பதிவு செய்தது. 2023இல் அதைத் திருத்திப் புதுப்பித்தது. புதிய கணக்கு: கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், பன்றி வயிற்றுக் கொழுப்புக் கறியான பான்செட்டா 150 கிராம், தக்காளிச் சாறு 200 கிராம், தக்காளி விழுது ஒரு கரண்டி. கறி அரைக் கிலோவுக்கு மேல், தக்காளி அதில் பாதிகூட இல்லை! பூண்டு கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். கொத்துக்கறி என்றதும் இஞ்சி பூண்டு விழுதைத் தேடுகிற நம் கைக்கு இது கஷ்டம்தான். ஒருமுறை பூண்டில்லாமல் செய்துபாருங்கள். கேரட், வெங்காயம், செலரித் தண்டு மூன்றும் தரும் மெல்லிய இனிப்பு அப்போதுதான் தெரியும்.

நம்பிக்கை: ஆஸ்திரியத் தளபதி ஒருவரின் நினைவாகப் பெயர் வைத்த லசானியா

கிழக்கே மார்க்கே பகுதியின் மாச்செராத்தா நகரத்தில் வின்ச்சிஸ்கிராஸ்ஸி என்றொரு லசானியா உண்டு. கோழியின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைப் போட்டுச் செய்வது. 1799இல் நெப்போலியன் படையோடு போரிட்ட விண்டிஷ்கிரேட்ஸ் என்ற ஆஸ்திரியத் தளபதியின் பெயர் மருவி இப்படி ஆனது என்று கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தோனியோ நெப்பியா எழுதிய 'மாச்செராத்தா சமையற்காரர்' நூலில் 'ப்ரின்சிஸ்கிராஸ்' என்ற பெயரில் இதன் முன்னோடி வந்துவிட்டது. அந்த நூல் முதலில் வெளியானது 1779இல். தளபதி வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே பண்டம் இருந்திருக்கிறது.

நம்பிக்கை: பெருந்தீயில் கறியை வதக்கினால் சாறு வெளியேறாமல் அடைபடும்

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கால் பரவிய கருத்து இது. சூட்டில் மேற்புறம் இறுகிப் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும் என்றார்கள். ஹெரால்ட் மெக்கீ 1984இல் வெளியிட்ட சமையல் அறிவியல் நூலில் இது தவறு என்று விளக்கினார். வாணலியில் கறி போட்டதும் கேட்கிற 'சுர்ர்' ஓசையே சாட்சி. அது கறிச்சாறு வெளியே வந்து ஆவியாகிற ஓசை. அடைபட்டிருந்தால் ஓசை ஏது?

ஆனாலும் வதக்கத்தான் வேண்டும், காரணம் வேறு. சுமார் 140 டிகிரிக்கு மேல் கறியின் புரதமும் அதிலுள்ள சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. நம் வீட்டுச் சுக்கா வறுவலின் வாசனையும் இதனால்தான். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் தண்ணீர் வற்ற வேண்டும்.

இதைக் காதால் கவனிக்கலாம். முதலில் பான்செட்டாவைப் பொடியாக நறுக்கிச் சிறு தீயில் கொழுப்பு இளகவிடுங்கள். அரிந்த காய்களைப் போட்டு, நிறம் மாறாமல் வதக்க வேண்டும். பிறகு கொத்துக்கறி. ஐந்து நிமிடத்துக்குச் சட்டியில் கொதிக்கிற சத்தம்தான் வரும். கறி சாம்பல் நிறமாக இருக்கும். பெரும்பாலானோர் இந்த இடத்தில் பொறுமை இழந்து தக்காளியை ஊற்றிவிடுகிறார்கள். நிறுத்துங்கள். இன்னும் சில நிமிடத்தில் சத்தம் மாறும். கொதிப்பு அடங்கிப் படபடவென்று பொரிய ஆரம்பிக்கும். சட்டியின் அடியில் பழுப்பாய் ஒட்டிப் பிடிக்கும். அப்போது ஒரு கோப்பை வைனை (வேண்டாதவர்கள் எலும்புச் சாற்றை) ஊற்றிச் சுரண்டினால் அந்தப் பழுப்பு முழுவதும் குழம்பில் கரையும். தக்காளி அதற்குப் பிறகுதான்.

அடுத்து இரண்டு மணி நேரம், முடிந்தால் மூன்று. மூடியைச் சற்றே திறந்துவைத்து, நடுநடுவே ஒரு குமிழ் வெடிக்கிற அளவுக்குத் தீ. வற்றினால் எலும்புச் சாறு. பாலும் அரை டம்ளர் சேர்க்கலாம்; தக்காளியின் புளிப்பை அது தணிக்கும். கறியில் ஓடும் சவ்வுகள் இந்த நேரத்தில்தான் கரைந்து, குழம்புக்குப் பிசுபிசுப்பான உடல் கொடுக்கின்றன. குக்கரில் கறி சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் மூடிய குக்கரில் நீர் வற்றாது. திறந்த பிறகு அரை மணி நேரமாவது வற்றவிடுங்கள். இன்னொன்று: கடையில் மை போல அரைத்து வாங்கிவந்த கறியில் நான் ஒருமுறை செய்தபோது, முடிவில் பசை மாதிரிதான் வந்தது. "ஒரு தடவை மட்டும் அரைங்கண்ணே" என்று சொல்லி வாங்குங்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் சேர்க்காத வீட்டில் கொழுப்போடு கூடிய ஆட்டுக் கொத்துக்கறி போடலாம். அது பொலோன்யா ருசி ஆகாது. செய்முறை அப்படியே பொருந்தும்.

நம்பிக்கை: நல்ல தகடு கடையில்தான் கிடைக்கும், ஒட்டாமலிருக்கக் கொதிநீரில் எண்ணெய் விட வேண்டும்

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அடியில் கிடக்கிற தகட்டுக்கு அதனால் பயனில்லை. நிறையத் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தகடு. இது போதும்.

தகடு செய்ய 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. பச்சைத் தகட்டுக்கு 300 கிராம் மைதா, இரண்டு முட்டை, வேகவைத்து ஒட்டப் பிழிந்து அரைத்த பாலக்கீரை 100 கிராம். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். சப்பாத்தி தேய்க்கத் தெரிந்த கைக்கு இது புது வித்தை இல்லை. இன்னும் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவே. பொலோன்யாவில் மாவு தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களை ஸ்ஃபொல்யீனா என்பார்கள். நீண்ட மரக்கட்டையால் அவர்கள் தேய்த்த தகட்டைத் தூக்கிப் பிடித்தால், ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா கோயில் அதன் ஊடே தெரிய வேண்டும் என்பது ஊர் வழக்கு. மாவுத் தகடு கனமாக இருந்தால் எவ்வளவு நல்ல குழம்பும் எடுபடாது. வெட்டிய தகடுகளை ஒரு நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டெடுத்து, சுத்தமான வேட்டித் துணியில் பரப்பி ஈரம் ஒற்றுங்கள்.

அடுக்கும்போது கை அடக்கமாக இருக்கட்டும். ரகூ தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. பச்சை அங்கங்கே தெரியலாம். அதன் மேல் வெள்ளைச் சாஸ், கைப்பிடி சீஸ், அடுத்த தகடு. இப்படி ஐந்தாறு அடுக்கு. 180 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம்.

நம்பிக்கை: அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பரிமாற வேண்டும்

வேண்டாம். இறக்கியவுடன் வெள்ளைச் சாஸ் இளகி ஓடுகிற நிலையில் இருக்கும். சூடு தணியத் தணியத்தான் மாவுப்பசை இறுகும், தகடு மிச்ச ஈரத்தை உறிஞ்சும். குறைந்தது இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். வாசனை வீடெல்லாம் நிறைந்து பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். லசானியாத் தட்டின் ஓரத்தில் மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் துணுக்கைக் கிள்ளிக் கொடுத்து அனுப்புங்கள். பிறகு கத்தியை நேராக இறக்கி ஒரு சதுரம் எடுங்கள். சரியாமல் நிற்கும். பக்கவாட்டில் பச்சை, வெள்ளை, பழுப்பு என்று வரிவரியாக ஆறு அடுக்கையும் எண்ணலாம்.