வீட்டில் எறும்புத் தொல்லையும் அதை நீக்கும் முறையும்

கிராமத்துக் குடித்தனங்களில் எறும்பை ஒரு பெரிய சங்கடமாக யாரும் எண்ணுவதில்லை. சர்க்கரையில் ஏறினால் வெயிலில் கொட்டி வைப்பதும், பாலில் விழுந்தால் வடிகட்டிக் கொள்வதும் வழக்கமாகி விட்டன. ஆயினும் தொட்டிலில் உறங்கும் சிசுவின் வாயோரத்துப் பாலை நாடிச் செவ்வெறும்பு வரும்போதும், மறுநாள் வேலைக்குக் கொண்டுபோக வைத்த சோறு இரவில் வீணாகும்போதும் அதன் தொல்லை தெரிய வருகிறது. இவற்றைக் காட்டிலும் கொடிய அபாயம் ஒன்று உண்டு. பொறுமை இழந்த குடும்பத் தலைவர், பயிருக்கென வாங்கி வைத்த பூச்சி மருந்தை எடுத்து அடுக்களையிலே தூவி விடுகிறார். எறும்பினால் ஒருவர் உயிர் போவது அரிது. எறும்புக்கு வைத்த விஷத்தினால் குழந்தையின் உயிர் போகக் கூடும். ஆதலால் எறும்பை எவ்வாறு ஒழிப்பது என்பதை அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் முறையாக அறிந்திருப்பது நலம்.

எறும்பின் குடும்ப வாழ்க்கை

எறும்பு தனித்து வாழும் ஜந்து அன்று. புற்றுக்குள் முட்டையிடும் ராணி எறும்பு இருக்கிறது. சில இனங்களில் ஒரே புற்றில் பல ராணிகளும் உண்டு. நாம் சுவரிலும் தரையிலும் காண்பவை யாவும் வேலைக்கார எறும்புகள். அவை இறக்கை இல்லாத பெண் எறும்புகள். இரை தேடுதல், புற்றைக் காத்தல், குஞ்சுகளை வளர்த்தல் ஆகிய வேலைகள் அவற்றைச் சேர்ந்தவை. வெளியே வருபவை புற்றிலுள்ளவற்றில் ஒரு பகுதியே. எனவே வரிசையாய்ச் செல்லும் எறும்புகளைத் துடைப்பத்தால் அடித்துக் கொன்றாலும், ராணி இருக்கும் வரை அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை பிறந்து கொண்டே இருக்கும்.

இரையைக் கண்ட எறும்பு திரும்பிச் செல்லும்போது தரையில் ஒருவித வாசனைப் பொருளைத் தடவிச் செல்கிறது. மற்றவை அவ்வாசனையைப் பற்றிக்கொண்டே வருகின்றன. எறும்பு சாரை பிடித்துப் போவதன் காரணம் இதுவே. மேலும், வளர்ந்த எறும்பினால் திடப் பொருளை விழுங்க இயலாது, திரவத்தையே உறிஞ்சும். உறிஞ்சியதை வயிற்றில் சுமந்து சென்று, புற்றிலுள்ள மற்றவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். ராணிக்கும் குஞ்சுகளுக்கும் இவ்வாறே உணவு போய்ச் சேருகிறது. எறும்பை ஒழிக்கும் வழி முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கிறது.

செய்யத் தகாதவை

முதலாவது, நெல்லுக்கும் பருத்திக்கும் வாங்கிய தூளையோ, குருணையையோ, தெளிப்பு மருந்தையோ வீட்டுக்குள் பயன்படுத்தலாகாது. அவை வயலுக்கென அளவிடப்பட்டவை. முற்காலத்தில் எறும்புப் பொடி என்று வீடுதோறும் தூவப்பட்ட பி.எச்.சி. என்னும் மருந்து 1997-ஆம் ஆண்டில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பரண்மேல் அத்தகைய பழைய பொட்டலம் கிடக்குமானால் அதைப் பிரிக்காமல், வேளாண்மை அலுவலரைக் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ எறியலாகாது.

இரண்டாவது, எறும்புச் சாக்குக்கட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்கலாகாது. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைப் போலவே தோன்றினும் அதில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறது.

மூன்றாவது, எறும்புச் சாரையின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் மருந்து தெளிப்பதும் பலன் தரா. கண்ணில் பட்டவை மட்டும் மடியும். பல ராணிகளை உடைய சிற்றெறும்பு இனங்கள் இவ்விதம் கலைக்கப்பட்டால், ஒரு புற்று இரண்டு மூன்றாகப் பிரிந்து சுவரின் வேறு இடங்களில் குடியேறி விடும்.

முதல் வேலை: உணவை அடைத்து வைத்தல்

சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, எண்ணெய், பலகாரம் முதலியவற்றை இறுக மூடும் டப்பாக்களில் வைக்க வேண்டும். டப்பாவின் வெளிப்புறத்தில் ஒட்டியுள்ள பாகையும் எண்ணெயையும் துடைத்து விடுதல் அவசியம். எச்சில் பாத்திரங்களை விடியும் வரை போட்டு வைக்கலாகாது. சிசு உறங்கு முன் அதன் வாயையும் கன்னத்தையும் ஈரத் துணியால் துடைத்து, தொட்டிலில் பால் சிந்திய துணியை மாற்ற வேண்டும்.

நம் முன்னோர் உறி கட்டித் தொங்க விட்டதும், அலமாரிக் கால்களின் கீழ் ஜலம் நிறைந்த கிண்ணங்களை வைத்ததும் நல்ல முறைகளே. கிண்ணத்து ஜலத்தில் சிறிது சோப்பைக் கரைத்து விட்டால், எறும்பு அதன்மேல் நடந்து கடக்க இயலாமல் அமிழ்ந்து போகும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய கிண்ணங்களில் முட்டையிடுவது உண்டு. வாரத்தில் இரு முறை ஜலத்தைக் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

இரண்டாம் வேலை: புற்றுக்கு மருந்தை அனுப்புதல்

எறும்பு தானே சுமந்து சென்று ராணிக்கு ஊட்டும்படி, மெதுவாக வேலை செய்யும் மருந்தை இனிப்பில் கலந்து வைப்பதே சிறந்த முறை. இதற்குப் போரிக் அமிலம் ஏற்றது. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் என்று பலரும் அறிந்த பொருள் இதுவே. வாசனைப் பொருள் சேராத சுத்தமான பவுடராகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சர்க்கரையையும் 10 கிராம் போரிக் அமிலத்தையும் போட்டு முற்றும் கரையும்படி கலக்கி ஆற வைக்க வேண்டும். அதாவது மருந்து நூற்றில் ஒரு பங்கு. அதிகம் போட்டால் அதிகப் பலன் என்று எண்ணுவது தவறு. மருந்து மிகுந்தால் எறும்பு அதைத் தீண்டாமல் விலகும். அல்லது புற்றை அடையு முன்னரே வழியில் மடியும்.

பழைய தகர டப்பா ஒன்றின் பக்கங்களில் ஆணியால் சிறு துளைகள் இட்டு, இக்கரைசலில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, மூடியை இறுக மூடி, எறும்புச் சாரையின் அருகில் வைக்க வேண்டும். எறும்பு நுழையும்; குழந்தையின் கை நுழையாது. முதல் இரண்டொரு நாட்களில் எறும்புகள் முன்னிலும் அதிகமாக மொய்க்கும். அதைக் கண்டு அஞ்சி அவற்றைக் கொல்லலாகாது. சாரையைத் துடைக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை பஞ்சை மாற்றி வர வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

எல்லா எறும்புகளும் இனிப்பை நாடுவதில்லை. ஓர் இலையில் சர்க்கரைத் தண்ணீரும், அரைத்த வேர்க்கடலையும் சிறிது வைத்துப் பார்த்தால் எதை விரும்புகின்றன என்பது விளங்கும். கடலையை விரும்புமாயின் 100 கிராம் கடலை விழுதில் ஒரு கிராம் போரிக் அமிலத்தைச் சேர்த்து வைக்கலாம்.

போரிக் அமிலமும் விஷமே. இதைச் சமையல் பாத்திரத்தில் கலக்கலாகாது. மீதியைப் புட்டியில் அடைத்து, விஷம் என்று எழுதி ஒட்டி, உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். தவறிக் குழந்தை உட்கொண்டால், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் வேலை: வழியை அடைத்தல்

எறும்பு நடமாட்டம் நின்ற பின்னரே சுவர் வெடிப்புகளையும் நிலைக்கால் சந்துகளையும் சுண்ணாம்பாலோ சிமெண்டாலோ பூச வேண்டும். முன்னதாகப் பூசினால் அவை வேறு வழி தேடும். பிறகு சாரை சென்ற இடங்களைச் சோப்பு ஜலத்தால் கழுவி வாசனையைப் போக்க வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டி விடுதலும் அவசியம். செடிகளில் மாவுப் பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் கூடும். அக்கிளையே வீட்டுக்குப் பாலமாகும்.

வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில் உள்ள எறும்புகளை அழிக்க வேண்டுவதில்லை. மாமரத்து முசுறு பல பூச்சிகளைத் தின்று மரத்துக்கு நன்மை செய்கிறது. வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவாகட்டும் என்று கருதும் வழக்கமும் நம் பெண்மக்களிடம் இருந்து வருகிறது. வாசலில் அதற்கு உரியதை வைத்து, அடுக்களையில் நமக்கு உரியதைக் காத்துக்கொள்வது முறையாகும்.

தெருவார் ஒன்று சேர்தல்

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒருவர் மட்டும் முயன்றால் போதாது. ஒரே பொதுச் சுவரிலுள்ள புற்று இரு வீட்டிலும் இரை தேடும். பத்து வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கு மேற்சொன்ன ஒரு லிட்டர் கரைசல் போதும். வீட்டுக்கு 100 மில்லி வீதம் கிடைக்கும். விவரம் அறிந்த ஓர் அங்கத்தினர் தராசில் நிறுத்துக் கலந்து கொடுத்தால் அளவு தவறாது; பத்து வீடுகளிலும் விஷப் பொட்டலம் கிடக்கவும் வேண்டாம். எல்லோரும் ஒரே நாளில் வைத்து, ஒரே நாளில் பஞ்சை மாற்றி வருவார்களாயின் பலன் நிச்சயம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். சிறிய ஜந்துக்கள் ஒன்று கூடிச் சாதிப்பதைக் காணும் மக்கள், அவற்றினின்று தம் வீட்டைக் காக்கவும் ஒன்று கூடுதல் தகும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டியவை

1. சாரையில் செல்லும் எறும்புகளைக் கொல்வதால் தொல்லை ஏன் தீருவதில்லை?

2. போரிக் அமிலத்தை நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஏன் சேர்க்கலாகாது?

3. எறும்பைத் தடுக்கும் கிண்ணத்தினால் நேரக் கூடிய தீங்கு யாது? அதைத் தவிர்ப்பது எவ்வாறு?

4. நம் கிராமத்தில் வயல் மருந்தை வீட்டுக்குள் வைத்திருப்போர் எத்தனை பேர்? அதைப் பூட்டி வைக்கத் தனி இடம் உண்டா?