புயலுக்குப் பிறகு நாடகமா?

கேள்வி: வீடிழந்த மக்கள் தவிக்கும்போது, பணமுள்ள குடும்பங்கள் கலைக்கு நன்கொடை தருவது நியாயமா?

பதில்: நியாயம்தான். நிவாரணத்தைக் கைவிட்டுவிட்டுத் தரக்கூடாது, அவ்வளவே. அமெரிக்காவின் மிராண்டா குடும்பத்தைப் பாருங்கள்.

தந்தை லூயிஸ் மிராண்டா, போர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்க வந்தவர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்காக உழைக்கும் சிறு அமைப்புகளுக்கு நிதியும் பயிற்சியும் தர, 1990-ல் ஹிஸ்பானிக் ஃபெடரேஷனைத் தொடங்கினார். மகன் லின்-மானுவல், 'ஹாமில்டன்' இசை நாடகத்தைப் படைத்தவர்.

2017 செப்டம்பரில் மரியா புயல் தீவைச் சிதைத்தது. அடுத்த மாதமே, தீவின் 78 நகராட்சிகளின் பெயர்களையும் கோத்து மகன் ஒரு பாடல் வெளியிட்டார். வருமானம் தந்தை தொடங்கிய அமைப்பின் நிவாரண நிதிக்குப் போனது. புயலுக்கு 27 ஆண்டுகள் முன்பே அந்த அமைப்பு வேரூன்றியிருந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பேரிடர் வந்த பிறகு அவசரமாகக் கட்டும் அறக்கட்டளைக்கு உள்ளூரைப் பற்றிய அறிவு வாய்ப்பது அரிது.

கலை அடுத்து வந்தது. புயலில் அரங்குகள் சேதமாகி, கலைஞர்கள் பிழைப்பு இழந்திருந்தார்கள். 2019 ஜனவரியில் தீவின் தலைநகர் சான் ஹுவானில், அதே 'ஹாமில்டன்' நாடகத்தில் லின்-மானுவலே ஹாமில்டனாக மேடையேறினார். நாடக வசூல், தீவின் கலைஞர்களுக்கும் கலை அமைப்புகளுக்கும் உதவும் ஃபிளாம்போயான் கலை நிதிக்குச் சேர்ந்தது, இலக்கு 1.5 கோடி டாலர். உள்ளூர் மக்களும் பார்க்க வேண்டுமென்று குலுக்கலில் 10 டாலர் டிக்கெட்டுகளும் கொடுத்தார்கள்.