நிறம் பார்த்துக் குஞ்சு பிரிக்கலாம்

குஞ்சு வாங்க வருபவர் முதலில் கேட்பது, "இதில் பெட்டை எத்தனை?" என்றுதான். முட்டைக்காக வளர்ப்பவருக்குச் சேவல் குஞ்சு வெறும் தீவனச் செலவு. ஒரு நாள் குஞ்சின் பின்புறத்தை அழுத்திப் பார்த்துப் பிரிப்பதற்குப் பயிற்சி பெற்ற விரல்கள் வேண்டும். சிறிய பொரிப்பகம் நடத்துபவருக்கு அதைவிடச் சுலபமான வழி, தாய் தகப்பனின் நிறத்தைத் தெரிந்து ஜோடி சேர்ப்பது.

மனிதர்களில் குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனைப் பொறுத்தது. கோழியில் தாயைப் பொறுத்தது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகனுக்கு மட்டுமே கொடுக்கும். மகளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்து. ஆகவே இசட்டில் இருக்கும் நிறக்கூறு எதுவானாலும் தாயுடையது மகன்களுக்குப் போகும், தகப்பனுடையது மகள்களில் அப்படியே தெரியும்.

இறகில் குறுக்குவரி போடும் கூறு இப்படிப்பட்டது. 1908-லேயே அமெரிக்கரான ஸ்பில்மேன் இதை விளக்கிவிட்டார். வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேருங்கள். குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகப் பொரியும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. இதையே திருப்பி, வரிச் சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் வேலைக்கு ஆகாது; எல்லாக் குஞ்சுக்கும் வரி வந்துவிடும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். இனம் இரண்டும் சரியாக இருந்தால் போதாது, எது சேவல், எது பெட்டை என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

வெள்ளி, பொன் நிறங்களும் அப்படியே. ரோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கு லைட் சஸ்ஸெக்ஸ் பெட்டை சேர்த்தால் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் வரும். பழுப்பு முட்டையிடும் வணிகக் கோழிகள் பலவற்றைப் பிரிப்பது இந்த முறையில்தான். ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளி அல்ல. வெள்ளை லெகார்னின் வெண்மை வேறு கூறு. அடியில் இருக்கும் நிறத்தை மூடிவிடும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இந்தக் கலப்புக் குஞ்சுகளையே வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. தாய்க்கூட்டத்தைத் தனியே வைத்திருப்பவருக்குத்தான் இந்தத் தொழில் நிலைக்கும்.

நம் ஊரில் கேட்பார் அதிகம் உள்ள கருங்கோழியிலும், அதாவது கடக்நாத்திலும், இதே விதி வேலை செய்கிறது. தோலைக் கறுப்பாக்கும் கூறு இசட்டில் இல்லை. அந்தக் கறுப்பை அடக்கும் கூறு இசட்டில் இருக்கிறது. மஞ்சள் கால் பண்ணைப் பெட்டையில் இந்த அடக்கும் கூறு பொதுவாக இருக்கும். அதோடு கருங்கோழிச் சேவலைச் சேர்த்தால் மகள்கள் கறுப்பாகவும் மகன்கள் வெளிறியும் வரும். நாட்டுப் பெட்டையின் கால் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடக்கும் கூறு இல்லாமலிருக்கலாம். அப்போது இருபாலும் கறுப்பாகவே பிறக்கும். கறுத்த மகள்களைத் தூய கருங்கோழி என்று விற்பவர்கள் உண்டு. வாங்குபவர் தாய் தகப்பன் இரண்டையும் பார்க்கக் கேட்பது தவறே இல்லை.

பாலோடு ஒட்டாத நிறங்களும் உண்டு. அந்தலூசியன் கோழியின் நீலச்சாம்பல் அந்த வகை. சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளையில் திட்டு. எல்லாம் சாம்பலாகவே வேண்டுமென்றால் கறுப்போடு திட்டு வெள்ளையைச் சேருங்கள். சராசரி என்பதை வாடிக்கையாளரிடம் அழுத்திச் சொல்லுங்கள்; சாம்பல் ஜோடியின் 10 குஞ்சில் ஒன்றுகூடக் கறுப்பாக இல்லாமல் போக நூற்றுக்கு 5, 6 வாய்ப்பு இருக்கிறது.

குஞ்சு பொரிந்த அன்றே விரலிடைச் சவ்வில் துளையிட்டு, எந்தக் கூண்டு, எந்தச் சேவல் என்று நோட்டில் எழுதுங்கள். பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம்வரை தங்கும். சேவலை மாற்றினால் மூன்று வாரம் காத்திருந்த பிறகே முட்டையை இன்குபேட்டரில் வையுங்கள். இடைப்பட்ட முட்டைகளைச் சமையலுக்கு விற்றுவிடலாம்.